கடல் முடியும் இடம்

தஞ்சோங் துவானைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வானத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மார்ச் மாதத்து வெயில், கலங்கரை விளக்கத்தின் அடியில் அண்ணாந்து நிற்கும் கூட்டம், தொலைநோக்கிகள், சுழன்று சுழன்று மேலேறிப் புள்ளியாகிவிடும் பருந்துகள். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே நடத்திவரும் ‘ராப்டர் வாட்ச்’ விழாவுக்கு ஒருமுறை போனவர்கள்கூட இந்தக் காட்சியைத்தான் மனத்தில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். என் நினைவிலும் முதலில் எழுவது அதுவே. ஆனால் பல ஆண்டுகளின் மார்ச் மாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போது, அந்த நினைவு பாதிதான் சரி என்று படுகிறது. பருந்துகள் அந்த முனைக்கு வரக் காரணம் கடல் அங்கே முடிகிறது என்பதுதான். முனையில் மிஞ்சியிருக்கும் சிறு காட்டையும், அதற்குப் பின்னால் மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் பரந்து கிடக்கும் தோட்டங்களையும் எடுத்துவிட்டால் அந்த வருகைக்குப் பொருளே இல்லை. வானத்தை எண்ணுகிறோம், தரையை எண்ணுவதில்லை என்பதே என் புகார்.

இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்; மலாக்காக்காரர்களிலேயே பலருக்கு அது தங்கள் மாநிலம் என்று தெரியாது. போர்ட்டிக்சன் கடற்கரைக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குன்று. நிலப்பக்கம் முழுவதும் நெகிரி செம்பிலான் சூழ்ந்திருந்தாலும் நிர்வாகத்தில் அது மலாக்கா. போர்த்துகீசியர் அதைக் ‘காபோ ரச்சாடோ’ என்றார்கள். 1606 ஆகஸ்டில் டச்சுக் கப்பல்களும் போர்த்துகீசியக் கப்பல்களும் அந்த முனைக்கு எதிரில்தான் மோதிக்கொண்டன. இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1863இல் எழுந்தது. மாலுமிகள் அந்த முனையை ஏன் குறித்து வைத்தார்களோ, ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தான் பருந்தும் குறித்து வைத்திருக்கிறது: நீரிணை அங்கே ஒடுங்குகிறது. எதிரே சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவு. நடுவில் சுமார் 38 கிலோமீட்டர் தண்ணீர். பருந்து போன்ற அகன்ற சிறகுப் பறவைகள் நெடுந்தூரம் போகும்போது அதிகம் சிறகடிப்பதில்லை. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் சுழன்று ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி, அடுத்த இடத்தில் எழும் காற்றைப் பிடித்து மறுபடி ஏறுகின்றன. கடல்மேல் அந்த மேலெழும் காற்று கிடைப்பது அரிது. ஆகவே கரையில் சேர்த்த உயரம் தீர்ந்தபின் தண்ணீரின் ஒவ்வொரு கிலோமீட்டரையும் சொந்தச் சிறகால் அடித்துத்தான் தாண்ட வேண்டும். சறுக்கிப் போவதைவிட அது பல மடங்கு செலவு. ரூபாட்டில் வெயில் ஏறும்வரை காத்திருந்து, உயரம் பிடித்துக் கிளம்பும் பறவை நீரிணையின் நடுவிலேயே அந்த உயரத்தைத் தீர்த்துவிடுகிறது. மலாக்காக் கரையைத் தொடும்போது தாழ்ந்துவிடுகிறது. பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் வரவு அதிகமாக இருப்பதற்கும், கலங்கரை விளக்கத்தில் நிற்பவரின் கண் மட்டத்துக்குக் கீழேகூடப் பருந்து வருவதற்கும் இதுதான் காரணம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இதே பறவைகள் தெற்கே போகின்றன. அப்போது தரைமேல் சேர்த்த உயரம் கைவசம் இருப்பதால் மேலாகவே போய்விடுகின்றன, திருவிழாவும் இல்லை. நமக்குக் காட்சியாக இருப்பது அவற்றின் களைப்பு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பருந்து புதிதில்லை. லயத்துப் பின்பக்கம் கோழி வளர்த்த எல்லாருக்கும் அது குஞ்சைத் தூக்கும் திருடன். நிழல் தரையில் ஓடினாலே தாய்க்கோழி கத்தும். அதற்கு முன்னால் வீட்டுப் பெண்கள் கத்துவார்கள். தலையும் மார்பும் வெளுத்த செம்பருந்துக்கு மட்டும் விதிவிலக்கு. அது கருடன். கண்ணில் பட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே வட்டமிட்டால் ஊரே கைகூப்பும். திருடனும் தெய்வமுமாக இந்த இரண்டு கணக்குகளுக்கும் வெளியே, ஆண்டில் ஓரிரு மாதம் மட்டும் பெருந்திரளாகத் தோன்றி, ஒரு குஞ்சையும் தொடாமல் போகும் மூன்றாவது பருந்து ஒன்று உண்டு என்பது தோட்டத்து நினைவில் பதியவேயில்லை. அது கண்ணில் படாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. அது வருவது மாசியிலும் பங்குனியிலும். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசிமகத்துக்கு மலாக்காத் தமிழர் கிளம்பும் காலம். பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்பதும், பால் குறைந்து வெட்டுக்காரர் கையில் காசு குறைவதும் அப்போதுதான். ஆண்டு முழுவதும் கூரை வேய்ந்ததுபோல் மூடிக் கிடக்கும் ரப்பர் காடு அந்தச் சில வாரங்கள் மட்டும் திறந்து, நிரையில் நிற்பவருக்கு வானம் தெரியும். டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, சில ஆண்டுகளில் அது புக்கிட் அசகானுக்குப் பரவிய நாளிலிருந்து எத்தனையோ மாசி மாதங்கள் அந்த மொட்டைக் கிளைகளுக்கு மேலே பருந்துகள் போயிருக்கின்றன. பால் எடைக்குக் கணக்கு இருந்தது, காலைப் பெரட்டில் ஆள் கணக்கு இருந்தது, இதற்கு இல்லை. பறவையியலாளர்களும் 1960களில்தான் முனையின் வசந்த கால வரவைக் குறித்து எழுதத் தொடங்கினார்கள் என்பதால், விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு வேலைக்குப் போன மக்களை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மூன்றாவது பருந்து தேன்பருந்து. முனையைக் கடக்கும் இரைகொல்லிப் பறவைகளில் மிகப் பெரும்பான்மை இதுதான். ஜப்பானிய வல்லூறு, சீன வல்லூறு, கொண்டை வைத்த கறுப்பு பாசா, சாம்பல் முகப் பருந்து எல்லாம் சேர்ந்தாலும் மிச்சப் பங்கு சிறியது. கோழிக்குஞ்சில் அதற்கு நாட்டமில்லை. குளவிக் கூட்டையும் தேனடையையும் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்பது அதன் பிழைப்பு. கொட்டு ஏறாமல் இருக்க முகத்தில் செதில் மாதிரி நெருங்கிய சிற்றிறகுகள், மண்ணுக்குள் இருக்கும் கூட்டையும் தோண்டி எடுக்க ஏற்ற கால்கள். ஜப்பான், கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி என்று கோடையில் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் கிளம்பி, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, அதற்கும் அப்பால் உள்ள தீவுகள்வரை பரவுகிறது. பறவை ஆய்வாளர் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் 2003 முதல் ஜப்பானியத் தேன்பருந்துகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அதில் தெரியவந்தவற்றில் இரண்டு நமக்கு வேண்டியவை. ஒன்று, போகும் வழியும் திரும்பும் வழியும் வேறுவேறு. தெற்கே வரும்போது கியூஷூவிலிருந்து கிழக்குச் சீனக் கடலைச் சுமார் 700 கிலோமீட்டர் நேராகத் தாண்டிவிடும் பறவை, வசந்தத்தில் அந்தக் கடலைத் தவிர்த்து, சீனாவுக்குள் வடக்கே ஏறி, கொரியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு ஊர் சேர்கிறது. இன்னொன்று, வசந்தப் பயணத்தில் தென்கிழக்காசியாவின் நிலப்பகுதியில் எங்காவது வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. கூடு கட்ட அவசரமாகத் திரும்ப வேண்டிய பறவை ஏன் இப்படித் தாமதிக்க வேண்டும்? வடக்கு இன்னும் குளிர்ந்து கிடக்கிறது, குளவியும் தேனீயும் அங்கே பெருக நாளாகும், அதுவரை சூடான நாட்டில் உடம்பைத் தேற்றிக்கொள்வதே லாபம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். எப்படியானாலும், இந்தப் பறவையின் பயணத்தில் தங்கலும் பறத்தலும் சம பங்கு. தண்ணீரைத் தாண்டி அந்தப் பெரிய தங்கலுக்குள் அது காலெடுத்து வைக்கும் முதல் மண் தஞ்சோங் துவான்.

அங்கே கண்ணால் பார்க்கக்கூடியது என்ன? கரையை எட்டிய பருந்து முதலில் குன்றின் சரிவைத் தேடுகிறது. கடலிலிருந்து வீசும் பகற்காற்று குன்றில் முட்டி மேலே ஏறுகிறது. அதற்குப் பின்னால் வெயில் காய்ந்த தரையின் சூடான காற்று. நல்ல நாளில் சில நிமிடம் போதும். பத்தும் இருபதும் நூறுமாக ஒரே சுழலில் ஏறி, உள்நாட்டை நோக்கிச் சறுக்கிவிடும். எல்லாரும் படம் எடுப்பது இதைத்தான். எதிர்க்காற்று உள்ள நாளில், மழைமேகம் வெயிலை மறைத்த நாளில், வரிசை அலைக்கு மேலே சில மீட்டர் உயரத்தில், விடாமல் சிறகடித்துக்கொண்டு வரும். கூட்டம் கலைந்த பிற்பகலில் தனித்தனியாக வந்து சேர்பவையும் உண்டு. இவை ஏறுவதில்லை. முனையின் மரங்களுக்குள் இறங்கி, சிறகு தொங்க, அலகு திறந்து உட்கார்ந்துவிடுகின்றன. உடனே காக்கைகள் வந்துவிடும். இந்தக் காக்கைகள், காபித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாவது தொடங்கும் வாக்கில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். காபி போய்விட்டது, காக்கை போகவில்லை. துரத்தும் காக்கைக் கூட்டத்தின் நடுவே, இனி ஒரு கிலோமீட்டர்கூடப் பறக்க முடியாத பறவைக்கு, அடர்ந்த காட்டின் உள்கிளைக்கும் மணற்கரையில் தனியாக நிற்கும் தென்னைக்கும் உள்ள வேறுபாடு சின்னதில்லை. நூறு ஹெக்டேரையும் எட்டாத அந்தக் காட்டின் மதிப்பை அன்றைய வானத்தில் எத்தனை பறந்தன என்ற எண் சொல்லாது. எத்தனை இறங்கின, மறுநாள் எத்தனை எழுந்தன என்பதே சொல்லும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் லேசானதல்ல. பெரும்பாலான பருந்துகள் முனையில் நிற்பதேயில்லை, அங்கே இரை தேடுவதுமில்லை, சில நிமிடத்தில் கடந்துபோவதைத் தங்கல் என்று எப்படிச் சொல்வது? தங்கல் என்றால் பெருங்கொக்குகளைப் பாருங்கள் என்பார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றங்கரையில், ஆண்டுதோறும் மார்ச்சில் பல லட்சம் சாண்ட்ஹில் பெருங்கொக்குகள் இறங்கி, அறுவடை முடிந்த வயல்களில் சிதறிய மக்காச்சோளத்தைத் தின்று எடை கூட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் இருந்துவிட்டுக் கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும் போகின்றன. ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்தில் ஊர்மக்களே தானியம் இறைக்க, மத்திய ஆசியாவிலிருந்து வரும் பெருங்கொக்குகள் குளிர்காலம் முழுவதும் அங்கே கிடக்கின்றன. அவற்றின் பக்கத்தில் வைத்தால் தஞ்சோங் துவான் ஒரு வெறும் வழிதான் என்று தோன்றும். ஆனால் பிளாட் ஆற்றின் கதையைக் கடைசிவரை கேட்டால் அது என் பக்கம் பேசுகிறது. அங்கே பெருங்கொக்குகள் பகல் உணவை மாற்றிக்கொண்டுவிட்டன. புல்வெளி போய் மக்காச்சோளம் வந்தபோது சோளத்துக்குப் பழகின. இரவில் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆழமில்லாத, அகன்ற, மரமில்லாத மணல்திட்டு ஆறுதான் அவற்றுக்கு வேண்டும். மேலே அணை கட்டித் தண்ணீரைத் திருப்பியதும் ஆறு ஒடுங்கியது, திட்டுகளில் மரம் முளைத்தது, பெருங்கொக்குகள் ஆற்றின் பல பகுதிகளைக் கைவிட்டு மிச்சப் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டன. இப்போது ஆள் வைத்து அந்த மரங்களை வெட்டி ஆற்றைத் திறந்து வைக்கிறார்கள். இரை மலிந்து கிடந்தும், கால் ஊன்ற இடம் இல்லையென்றால் தங்கல் இல்லை. தேன்பருந்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான தரை, அதாவது மரம் அடர்ந்த தரை. ஆனால் கணக்கு ஒன்றே. இடத்தின் பயனை அது தரும் இரையாலோ, பறவை அங்கே செலவிடும் மணிநேரத்தாலோ அளப்பது பிழை. பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்படவில்லை என்பதைக் காட்டி, முடியாமல் வந்து விழும் சிலவற்றுக்கும் தேவையில்லை என்று சொல்ல முடியாது. மலாக்கா நகரத்துக்காரர்களுக்கு இது விளங்க வேண்டும். அந்தத் துறைமுகம் பெரிதானதே காற்று திரும்பும்வரை தமிழ், குஜராத்தி, சீன, ஜாவா வணிகர்களின் கப்பல்கள் காத்துக் கிடக்க இடம் கொடுத்ததால்தான். துறைமுகத்தின் சொத்து கிடங்கிலும் குடிநீரிலும் இருந்தது.

இரண்டாவது வாதத்தைத் தோட்டத் தொழில் தெரிந்தவர்களே சொல்வார்கள். காடு எப்போதோ போய்விட்டது. பார்க்குமிடமெல்லாம் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. அப்படியும் பருந்துகள் பருவத்துக்குப் பல பத்தாயிரமாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. உலகளாவிய பாதுகாப்புப் பட்டியலிலும் தேன்பருந்து அச்சுறுத்தலுக்கு ஆளான இனமாக இல்லை. பிறகு எதற்கு இந்தக் கவலை? சொன்னது மூன்றும் உண்மை, முடிவு மட்டும் அதிலிருந்து வராது. ஒரு முனையில் நின்று எண்ணும் எண், காற்று எந்தப் பக்கம் அடித்தது, மேகம் எவ்வளவு, பறவைகள் நீரிணையை எவ்வளவு அகலத்தில் பரவிக் கடந்தன என்பதையெல்லாம் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். தேன்பருந்து ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு குஞ்சுகளையே வளர்க்கும், நெடுநாள் வாழும் பறவை. அப்படிப்பட்ட இனத்தில் குஞ்சுகள் குறையத் தொடங்கினாலும் வளர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருக்கும், சரிவு தாமதமாகத்தான் எண்ணிக்கையில் தெரியும். ‘தோட்டம்’ என்று ஒரே மூச்சில் சொல்வதிலும் ஏமாற்று இருக்கிறது. 1980இல் மலேசியாவில் ரப்பர் ஏறக்குறைய 20 லட்சம் ஹெக்டேர், செம்பனை சுமார் 10 லட்சம். 2018இல் ரப்பர் 11 லட்சத்துக்குச் சுருங்கியது, செம்பனை 58 லட்சத்தைத் தாண்டியது. இலையுதிர்க்கும் மரம் போய் இலையுதிர்க்காத மரம் வந்திருக்கிறது. கிளை உள்ள மரம் போய்க் கிளையே இல்லாத மரம் வந்திருக்கிறது. செம்பனையில் பறவைக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். பழக்குலையைக் கடிக்கும் எலிக்காகக் கூகைகளுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்து வளர்க்கும் தோட்டங்கள் உண்டு. இரைகொல்லிப் பறவையைச் சம்பளமில்லாத ஆளாக நிர்வாகம் ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சி. மட்டைகளுக்கிடையில் குளவி கட்டுகிறது, குலை வெட்டுகிறவர் கொட்டு வாங்குகிறார், ஆகவே தேன்பருந்துக்கு அங்கே இரையும் இருக்கலாம். குறைவது வேறு. வரப்போரத்திலும் ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் முன்பு வெட்டாமல் விட்ட, ஓங்கிய, கிளை விரித்த மரங்கள். இரை இருக்கிறது, கால் ஊன்ற இடம் இல்லை. நெப்ராஸ்காவில் பார்த்த அதே நிலை.

மூன்றாவது வாதம் அறிவியல் பேசுவதில்லை, அதனாலேயே கனமானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, லயங்கள் இடிக்கப்பட்டபோது, மூன்று தலைமுறை இருந்த இடத்தைவிட்டு மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் போனபோது, யாரும் தொலைநோக்கி வைத்து எண்ணவில்லை. இப்போது பருந்துக்கு விழா எடுக்கிறீர்களா என்று கேட்கும் குரலுக்கு நான் மறுப்பு சொல்லப் போவதில்லை. அந்தக் கோபம் சரி. அதைப் பருந்தின்மேல் காட்டுவதுதான் இடம் மாறிய கோபம். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமோ கோல்ஃப் திடலோ ஆகும்போது லயமும் ஓடைக்கரை மரமும் ஒரே புல்டோசருக்குப் போகின்றன. முடிவெடுத்த கையும் ஒன்றே. ஒன்றை மட்டும் இங்கே கவனிக்கச் சொல்வேன். தோட்டத்தில் யாரும் வெட்டத் துணியாத மரம் என்று ஒன்று இருந்திருந்தால் அது பெரும்பாலும் முனீஸ்வரன் கோயில் மரமாகத்தான் இருந்திருக்கும். அரசோ ஆலோ, சூலமும் மஞ்சள் துணியுமாக, துரை வந்தாலும் தலைகுனிந்து ஒதுங்கிப் போன மரம். தோட்டத் தமிழர் பருந்தை எண்ணவில்லை என்று மேலே சொன்னேன். அது தங்குவதற்கான மரத்தைக் காத்தவர்கள் அவர்கள்தான், வேறு காரணத்துக்காக என்றாலும். கோயில் இடம் மாறும்போது சிலையை எடுத்துப் போகலாம், மரத்தை எடுத்துப் போக முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வலசைப் பறவையையும் கப்பலேறி வந்த பாட்டனையும் ஒப்பிட்டு உருகும் எழுத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பருந்துக்குக் கங்காணி முன்பணம் கிடையாது. 1938இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதுபோல் எந்தச் சட்டமும் அதை நிறுத்தியதில்லை. அது ஆண்டுதோறும் ஊர் திரும்புகிறது. ‘ரஜுலா’ கப்பலில் வந்தவர்களில் அப்படித் திரும்ப முடிந்தவர் எத்தனை பேர்?

எதிர்க்கரையைச் சொல்லாமல் இந்த வாதம் முழுமையாகாது. மலாக்கா தன் கரையை எவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொண்டாலும், பறவை கிளம்புவது ரூபாட்டிலிருந்து. ரூபாட் பெரும்பாலும் கரிமண் நிலம். அக்கேசியாவுக்கும் செம்பனைக்கும் கால்வாய் வெட்டி நீரை வடித்தபின் அந்த மண் காய்ந்து, தீப்பிடித்தால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். புகைமூட்டம் என்றால் நம் மக்களுக்கு ஆண்டின் பிற்பகுதிதான் நினைவுக்கு வரும். 1997, 2015 அப்படி. ஆனால் ரியாவ் மாநிலத்துக்குப் பிப்ரவரி, மார்ச்சிலும் ஒரு வறட்சிக் காலம் உண்டு. 2014இல் அந்த மாதங்களில் அங்கே எரிந்த தீ பெரியது, அதுவும் பருந்துகள் கடக்கும் அதே வாரங்களில். புகை வெயிலை மறைத்தால் தரை சூடேறாது. தரை சூடேறாவிட்டால் மேலெழும் காற்று வலுக்காது. தாழ்ந்து கிளம்பும் பறவை நீரிணையில் இன்னும் தாழ்ந்துதான் வரும். எதிர்க்கரையே எரிகிறபோது இந்தக் கரையில் சில மரங்களைக் காத்து என்ன பயன் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தக் கரை கெடும் அளவுக்கு இந்தக் கரையின் முதல் நூறு மீட்டர் காட்டுக்கு விலை கூடுகிறது. ரூபாட்டின் கால்வாய்களை அடைப்பது மலாக்காவின் கையில் இல்லை. தஞ்சோங் துவானின் மரங்களும் லிங்கி ஆற்று முகத்துவாரத்தின் கண்டல் காடும் நம் பக்கத்துச் சமாச்சாரம்.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. முனையில் பல ஆண்டுகளாக எண்ணிவரும் தன்னார்வலர்கள் இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் பாதி வாதத்துக்கு ஆதாரமே இருக்காது. பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதும் நல்லதுதான். அதோடு நிற்க வேண்டாம் என்கிறேன். கூட்டம் பேருந்து ஏறும் மூன்று மணிக்குப் பிறகு, முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று காட்டைப் பார்க்கலாம். அதைவிடப் பயன் உள்ளது, மறுநாள் காலை உள்நாட்டில் பார்ப்பது. தரை சூடேறும்வரை பருந்தால் எளிதில் எழ முடியாது. இரவு தங்கிய மரத்திலேயே ஒன்பது மணிவரைகூட உட்கார்ந்திருக்கும், சலனமில்லாமல், வெறுங்கண்ணுக்கே தெரியும்படி. லுபோக் சீனா, மஸ்ஜித் தானா, அலோர் காஜா பக்கத்துத் தோட்டப் பாதைகளில், ஓடைக்கரையிலும் பழைய கோயில் திடலிலும் மிஞ்சி நிற்கும் பெரிய மரங்களைப் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை வாரம் ஒரு காலை பார்த்தால் போதும். தொலைநோக்கி கட்டாயமில்லை. அந்தப் பகுதித் தமிழ்ப்பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை. நாள், இடம், எந்த மரம், எத்தனை பருந்து, காக்கை துரத்தியதா இல்லையா என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். மரம் வெட்டப்பட்டிருந்தால் அதையும் அதே வரியில் எழுத வேண்டும்.